சாமைக்கொல்லை அடுப்புகள்

ஆம்பூர்,
12-3-1927

சிரஞ்சீவி கனகராஜுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. பதிலில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று முதலில் தலைப்புகளைக் குறித்துக்கொண்டேன்:

1. என் உடம்பு.
2. உன் உடம்பு.
3. வைகாசித் திருவிழா நெருப்பு விஷயமாக நீ செய்ய வேண்டியது.
4. மலை ஜனங்களிடம் நீ பழக வேண்டிய முறை.
5. அமீர் பாஷாவிடம் கொடுத்தனுப்பும் சாமான்கள்.

முதலாவது. குறைவில்லை. இடது முழங்காலில் பழைய குடைச்சல். தோல் மண்டி ரைட்டர் வேலையிலிருந்து விலகி இரண்டு வருஷமாகியும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

இரண்டாவது. நீ காட்டுக் காவலனாக ஜவ்வாது மலைக்குப் போன பிறகு வரும் முதல் கோடை இது. கொயினாவைக் காய்ச்சல் வருமுன்பே சாப்பிட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

மூன்றாவதுதான் முக்கியம். நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். சாமைக்கொல்லையில் காப்புக் கட்டியதும் ஊரிலுள்ள எல்லா அடுப்பையும் அணைத்துவிடுகிறார்கள். பிறகு மலை உச்சியில் உச்சியம்மன் கோயிலில் கட்டையைக் கடைந்து புது நெருப்பு உண்டாக்கி, சட்டியில் ஏந்தி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த நெருப்பில்தான் எல்லா அடுப்பும் மறுபடி எரிய வேண்டும். கோயில் இடம் அவர்களுடையது. ஊரும் அவர்களுடையது. நடுவிலுள்ள பாதை மட்டும் ரிசர்வ் காட்டுக்குள் போகிறது. கோடையில் அங்கே நெருப்பு எடுத்துப் போவது குற்றம். உனக்கு முன்னாலிருந்த காவலர்கள் அன்றைக்கு மட்டும் வேறு திசையில் ரோந்து போய்விடுவார்களாம்.

நீ அப்படிச் செய்யாதே. ஒரு பொறி விழுந்து காடு பற்றினால், பார்க்காமல் போனவன்தான் முதலில் அகப்படுவான். மேலதிகாரிக்கு விண்ணப்பம் போடு. எழுத்தில் கேள், எழுத்தில் வாங்கு. கையில் காகிதம் இருந்தால் பிறகு எவனுக்கும் நீ பயப்பட வேண்டாம்.

நாலாவது. அந்த ஜனங்களிடம் மரியாதையாக நட. ஆனால் அவர்கள் உனக்கு யாரும் இல்லை என்பதை மறந்துவிடாதே. நீ இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகி இறங்கப் போகிறவன். யார் வீட்டிலும் கை நனைக்காதே. இன்றைக்கு ஒரு வேளை சோறு போட்டவன் நாளைக்கு ஒரு சந்தன மரத்துக்காக உன் முகத்தைப் பார்ப்பான். உன் உத்தியோகம்தான் உனக்கு உறவு.

ஐந்தாவது. இரண்டு பனியன், கொயினா, ஒரு டப்பா எலுமிச்சங்காய் ஊறுகாய். மண்டியில் தோல் பதனிடக் கடுக்காய் வாங்க அமீர் பாஷா பொதி மாட்டோடு மலைக்கு வருகிறார், அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

உடனே பதில் எழுது.

உன் அப்பா,
சம்பந்தம்


சாமைக்கொல்லை,
2-4-1927

அப்பா அவர்கள் பாதங்களுக்குக் கனகராஜ் நமஸ்காரம் செய்து எழுதுவது. நான் சுகம். கால் குடைச்சலுக்குக் காசிக் கவுண்டர் ஒரு வேர் கொடுத்தார். அதை அமீர் பாஷாவிடம் அனுப்பியிருக்கிறேன். இழைத்துப் பூசுங்கள்.

காசிக் கவுண்டர்தான் இந்த ஊருக்குத் தலைவர். விண்ணப்பம் போடப் போவதாக அவரிடம் சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்:

“கேட்டா இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இருப்பான், தம்பி. எங்க பாட்டன் யாரையும் கேக்கல. அம்மா காட்டுல அம்மா நெருப்பு போவுது. இதுல இன்னாத்த கேக்கறது?”

அவர் மனைவி பட்டம்மாள் உள்ளேயிருந்து, “உங்க அப்பாரு மூச்சு உடறதுக்கும் சீட்டு வாங்குவாரா?” என்று கேட்டாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மாசி மாதம் தெற்குச் சரிவில் தீப் பிடித்தபோது பச்சைக் கிளையால் அடித்து அடித்து அணைத்தோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மழை வரும்வரை இங்கே சருகு காகிதம் போல நொறுங்குகிறது.

விண்ணப்பத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீங்களே ஒரு நகல் எழுதி அனுப்பினால் நல்லது.

உங்கள் ஆசியை வேண்டும் மகன்,
கனகராஜ்


ஆம்பூர்,
10-4-1927

சிரஞ்சீவி கனகராஜுக்கு ஆசீர்வாதம். வேர் வந்தது. பூசினேன். குணம் தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்ததால் எதனால் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நகல் இத்துடன் இருக்கிறது. நாலு முறை அடித்துத் திருத்தினேன். “பழக்கம்” என்று எழுதாமல் “நெடுங்கால வழக்கம்” என்று எழுதியிருக்கிறேன். அதிகாரிகளுக்கு அந்தச் சொல் பிடிக்கும். நெருப்புச் சட்டியோடு தண்ணீர்க் குடம் எடுத்துவர ஊரார் சம்மதிப்பதாகவும் சேர்த்திருக்கிறேன். அதை அவர்களிடம் கேட்டுக்கொள்.

கவுண்டர் சொன்னதை யோசித்தேன். அதில் ஏதோ இருக்கலாம். ஆனால் என் அனுபவம் வேறு. ஒரு முறை சுண்ணாம்புக் குழியில் தோல் அதிக நாள் ஊறி அழுகிப்போயிற்று. வாயால் உத்தரவு போட்ட மேஸ்திரி அப்படிச் சொல்லவே இல்லையென்று சாதித்தான். அன்று குழிக்காரன் வேலை போயிற்று. அவனுக்கு நாலு குழந்தைகள். அன்றிலிருந்து எழுத்தில் இல்லாத எதையும் நான் தொட்டதில்லை.

இதைச் சொன்னால் அமீர் பாஷா கேலி செய்கிறார். “ரைட்டரய்யா, எமன் வந்தாகூட ஆர்டர் எழுத்துல கீதான்னு கேட்டு அவனையே பேஜார் பண்ணிடுவீங்க” என்றார். கேட்பேன்தான். இன்னொருவன் பெயருக்கு வந்த ஆர்டராக இருந்தால்?

புது வருஷம் பிறக்கப் போகிறது. அன்றைக்காவது பாயசம் வைத்துச் சாப்பிடு.

உன் அப்பா,
சம்பந்தம்


சாமைக்கொல்லை,
29-4-1927

அப்பா அவர்களுக்கு நமஸ்காரம். நான் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

விண்ணப்பத்தை நகலில் உள்ளபடியே எழுதித் திருப்பத்தூருக்கு அனுப்பிவிட்டேன். தண்ணீர்க் குடத்துக்கு ஊரார் ஒப்புக்கொண்டார்கள். கவுண்டர் மட்டும், “செஞ்சிட்டியா? சரி போ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

திருவிழா வேலை தொடங்கிவிட்டது. நெருப்பு ஏந்துகிறவர்கள் நாலு பேர். பாதையில் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வார்கள். ஒருவரே இரண்டு மைலும் சூடு தாங்க முடியாது. கீழே வைக்கவும் கூடாது. அந்த நாலு பேரும் இப்போதே விரதம். மற்றவர்கள் தேன், பலாப்பழம், சாமை எல்லாம் சேர்த்துவைக்கிறார்கள். அடுப்பு அணைந்திருக்கும் மூன்று நாளும் பச்சையாகச் சாப்பிட வேண்டும். பட்டம்மாள் மகளுக்குப் பிரசவமாகிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. “மூணு நாளுதானே, தாங்கிப்பா” என்கிறாள்.

வைகாசி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை காப்பு. அதன் பிறகு நெருப்பு எடுக்கக் கோயிலுக்குப் போவதற்குத் தவிர ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்ட மாட்டார்கள்; வெளியாளும் உள்ளே தங்கக் கூடாது. என் குடிசை எல்லைக்கு வெளியே இருப்பதால் எனக்குத் தடையில்லை.

பதில் இன்னும் வரவில்லை.

கனகராஜ்


சாமைக்கொல்லை,
22-5-1927

அப்பா அவர்களுக்கு நமஸ்காரம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

உத்தரவு வியாழக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமையே காப்புக் கட்டி அடுப்புகளை அணைத்தாயிற்று. உத்தரவை அப்படியே எழுதுகிறேன்: “கோடைக்காலம் முடியும்வரை மேற்படி ரிசர்வ் பாதையில், இலாகா ஊழியர் தவிர, வேறு எவரும் எக்காரணம் கொண்டும் நெருப்பு எடுத்துச் செல்லலாகாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுப்பதற்குக் காவலரே பொறுப்பு.”

ஊர் நடுவிலுள்ள மரத்தடியில் நின்று வாசித்தேன். நெருப்பு ஏந்த விரதமிருந்த நாலு பேரில் ஒருவன், “அப்போ எங்கள புடிச்சிக் குடுப்பியா?” என்று கேட்டான். கவுண்டர் அவனை அதட்டினார். “அவன எதுக்குடா கேக்கற? அவன் கைல காயிதம்தான் கீது, காடு இல்ல.”

வெள்ளிக்கிழமை வர வேண்டிய நெருப்பு வரவில்லை. இன்று ஞாயிறு. இந்த மலையில் இரவு குளிரும் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. எந்தக் கூரையிலும் புகை இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் இல்லை. ஊற வைத்த சாமையைத் தின்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் குடிசையில் மட்டும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புகை அவர்களுக்குத் தெரியுமென்று நேற்றிலிருந்து நானும் அணைத்துவிட்டேன்.

மழை வந்து கோடை முடிய இன்னும் எத்தனை நாளோ. என்ன செய்வதென்று எழுதுங்கள்.

கனகராஜ்


ஆம்பூர்,
25-5-1927

சிரஞ்சீவி கனகராஜுக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் இன்று காலை வந்தது. எனக்குத் தோன்றியவை:

1. உத்தரவு உத்தரவுதான். அதை வாசித்துக் காட்டியதோடு உன் கடமை முடிந்தது.
2. இன்றிரவே மலைக்குப் புறப்படும் அமீர் பாஷாவிடம் இத்துடன் ஒரு பொட்டலம் தீப்பெட்டியும் ஒரு அரிக்கன் லாந்தரும் அனுப்புகிறேன். ஊருக்குள் தீக்குச்சி கிழிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்று நீ பக்குவமாக எடுத்துச் சொல்.
3. லாந்தரில் வைத்தால் நெருப்பு மூடியிருக்கும். ஆனால் “எடுத்துச் செல்லலாகாது” என்பதில் லாந்தரும் அடங்குமா என்று எனக்குச் சந்தேகம். கேட்டு எழுதிவிட்டு, பதில் வந்த பிறகு செய்.
4. நீயாக ஒன்றும் செய்யாதே.

நாலாவதை இரண்டு முறை படி. உனக்கு இருபத்தாறு வயது. இந்த வேலை கிடைக்க எத்தனை வாசல் ஏறினோம் என்பது உனக்குத் தெரியும். வேலை போனால் என்ன செய்வாய்? இன்று சாயங்காலம் என் அடுப்பில் புகை வந்தபோது மனம் ஒரு மாதிரி ஆயிற்று. அதை எழுதி என்ன பிரயோஜனம்.

கொயினா தீர்ந்திருந்தால் சொல்.

உன் அப்பா,
சம்பந்தம்


ஆம்பூர்,
9-6-1927

சிரஞ்சீவி கனகராஜுக்கு ஆசீர்வாதம். பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அமீர் பாஷாவும் திரும்பவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஆவாரம்பட்டை வாங்கப் போயிருக்கிறார் என்கிறார்கள். காய்ச்சலா? தபால் தாமதமா? நேற்று தபாலாபீசுக்கு இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை போகக் கூச்சமாக இருந்தது.

ஒரு கார்டு போதும்.

அப்பா


சாமைக்கொல்லை,
14-6-1927

அப்பா அவர்களுக்கு நமஸ்காரம். நான் சுகம். கவலை வேண்டாம்.

நெருப்பு ஊருக்கு வந்து சேர்ந்தது. எல்லா அடுப்பும் எரிகிறது. குழந்தைகள் தேறிவிட்டார்கள், பிள்ளை பெற்றவளும் எழுந்து நடக்கிறாள். எனக்கு வேலை ஜாஸ்தி. அதனால் நான் சொல்லச் சொல்ல இங்குள்ள பள்ளிக்கூடத்து அந்தோணி வாத்தியார் எழுதுகிறார். அவருக்கும் உங்கள் மேல் மரியாதை உண்டு.

தீப்பெட்டிகள் வந்தன. பட்டம்மாளிடம் சொன்னேன். “எல்லாம் சரி, பொட்டியில கீற நெருப்பு யார் ஊட்டு நெருப்பு?” என்று கேட்டாள்.

மழை இன்னும் இறங்கவில்லை. உங்கள் கால் எப்படி இருக்கிறது?

கனகராஜ்


ஆம்பூர்,
27-6-1927

சிரஞ்சீவி கனகராஜுக்கு ஆசீர்வாதம்.

கையெழுத்து வேறாக இருந்தது. வேலை ஜாஸ்தி என்று நீ காரணம் சொன்னாய். நம்பப் பார்த்தேன், உன் கையெழுத்துக்கூட ஏன் இல்லை என்று யோசித்தேன். நேற்று அமீர் பாஷா வந்தார். தீப்பெட்டிப் பொட்டலத்தையும் லாந்தரையும் என் முன்னால் வைத்தார். பொட்டலம் பிரிக்கப்படவில்லை.

“பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்டேன்.

“மொதல்ல தண்ணி குடுங்க ரைட்டரய்யா. சொல்றேன். நடுவுல கேள்வி கேக்காதீங்க, நம்பர் போடாதீங்க.”

அவர் சொன்னதை எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து.

அவர் மாட்டை எல்லைக்கு வெளியே கட்டிவிட்டு, வியாழக்கிழமை மாலை என் கடிதத்தை உன்னிடம் கொடுத்தார். நீ படித்தாய். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். பிறகு உத்தரவை எடுத்துக்கொண்டு கவுண்டரிடம் போனாய். “இலாகா ஊழியர் தவிர என்று போட்டிருக்கிறது. நான் இலாகா ஊழியன். நான் எடுத்துவருகிறேன்” என்றாயாம்.

நான் அந்த உத்தரவைப் பத்து முறை படித்தேன், கனகராஜ். அந்த மூன்று சொல் என் கண்ணில் படவில்லை.

“கவுண்டரு ஒத்துக்கல,” என்றார் அமீர் பாஷா. “நெருப்பு ஏந்துறவன் எங்க ஊட்டு ஆளா இருக்கணும், வெளியாளுக்கு அம்மா குடுக்க மாட்டான்னு கண்டிசனா சொல்லிட்டாரு. அப்போ அந்தப் பட்டம்மா எழுந்திரிச்சிது பாருங்க. ‘ஊட்டு ஆளு இல்லன்னா ஆக்கிட்டுப் போயேன். இன்னா கஷ்டம்? ஒரு நூலு, ஒரு மஞ்சத்துண்டு. என் மருமவன ஊட்டு ஆளு ஆக்க இதுக்கு மேல செலவாச்சு’ன்னு சொல்லி, தம்பி கையப் புடிச்சிக் காப்பு கட்டிடுச்சி. கவுண்டரும் தடுக்கல.”

மறுநாள் விடியற்காலையில் உச்சியிலிருந்து நீ சட்டியோடு இறங்கினாயாம். நாலு பேர் மாற்றி மாற்றி ஏந்துகிற சட்டி. உத்தரவுப்படி வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. கீழே வைத்தால் சருகு பற்றும். கவுண்டர் முன்னால் நடந்து பாதையிலிருந்த சருகை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் ஊர் ஜனம் அத்தனை பேரும் தண்ணீர்க் குடத்தோடு நடந்தார்கள், பிள்ளை பெற்றவள் தவிர. பாதி வழியில் காற்று எழும்பிச் சட்டிக்குள் தணல் கனன்றது. அடியில் வைத்த வேப்பிலை பொசுங்கிவிட்டது.

“நாலு பேர்ல ஒருத்தன் கைய நீட்டிக்கினே கூட வந்தான், ரைட்டரய்யா. ‘குடு, குடு’ன்னு அழுவறான். தம்பி குடுக்கல. ‘நீ தொட்டா உன்ன நான் புடிக்கணும்டா’ன்னு சொல்லிக்கினே வந்திச்சி. எல்லைக்குள்ள கால் வெச்சப்புறந்தான் சட்டிய எறக்குச்சி. எறக்கினப்போ தோலு சட்டியோட வந்துடுச்சி. நாப்பது வருஷமா தோலு பாக்கறவன் நான். என்னால அதப் பாக்க முடியல.”

அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கையில் சோறு எடுத்து உண்ண உன்னால் முடியாதென்றும், பட்டம்மாள்தான் மூன்று வேளையும் உனக்கு ஊட்டுகிறாளென்றும் சொன்னார்.

நீ இதில் ஒன்றையும் எனக்கு எழுதவில்லை. இன்னொன்றையும் நீ எழுதவில்லை. மார்ச் மாதம் நான் எழுதிய மூன்றாவது விஷயத்தால்தான் அந்த உத்தரவே பிறந்தது. கேட்காமலிருந்திருந்தால் முன்பு போலவே நெருப்பு வந்து சேர்ந்திருக்கும்; உன் கையும் நன்றாக இருந்திருக்கும். ‘உங்கள் யோசனையால்’ என்று ஒரு கடிதத்திலாவது ஒரு சொல் வந்திருக்குமா என்று எல்லாவற்றையும் எடுத்துத் தேடினேன். இல்லை. என்னைத் திட்டி எழுது. அந்தோணி வாத்தியார் கையாலேயே எழுது, பரவாயில்லை.

அப்பா


சாமைக்கொல்லை,
12-7-1927

அப்பா அவர்கள் பாதங்களுக்கு நமஸ்காரம். மழை பிடித்துவிட்டது. உங்கள் கால் வலிக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

கை ஆறி வருகிறது. இடது கை விரல்கள் மடங்குகின்றன. வலது கையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவை இனி நீளாது என்று திருப்பத்தூர் டாக்டர் சொன்னார். மற்ற மூன்றும் போதும்.

மேலதிகாரி வந்து விசாரித்தார். உத்தரவைக் காட்டினேன். வெகுநேரம் படித்தார். “நீ படித்தவன் வீட்டுப் பிள்ளையா?” என்று கேட்டார். ஆம் என்றேன். வேலை போகவில்லை. ஆடி மாதம் முடிவதற்குள் திருப்பத்தூர் மர டிப்போவுக்கு மாற்றல். இனி எனக்குக் காட்டு வேலை இல்லை, மேஜை வேலை. நீங்கள் ஆசைப்பட்டபடி.

எழுத்தில் கேட்டதால்தான் எழுத்தில் பதில் வந்தது. எழுத்தில் வந்ததால்தான் அந்த மூன்று சொல்லும் வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம்.

மாற்றல் விஷயத்தைக் கவுண்டரிடம் சொன்னேன். “காப்பு கட்டினவன் போவக்கூடாதே” என்றார். திருவிழா முடிந்துவிட்டதே, எல்லோரும் காப்பை அவிழ்த்துவிட்டார்களே என்றேன். “உன்னுத யாரு அவிழ்த்தா?” என்றார். பார்த்தேன். கைக்கட்டுத் துணியோடு சேர்ந்து மணிக்கட்டில் அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை.

கீழே உள்ள கையெழுத்து மட்டும் என்னுடையது. இடது கை. மன்னிக்கவும்.

கனகராஜ்


ஆம்பூர்,
19-7-1927

சிரஞ்சீவி கனகராஜுக்கு ஆசீர்வாதம்.

இக்கடிதத்துக்குத் தலைப்புகள் குறிக்க உட்கார்ந்தேன். வரவில்லை. ஆகவே தோன்றியபடி எழுதுகிறேன்; முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் இடது கைக் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து வயதில் நீ முதன்முதலாகப் பெயர் எழுதினபோது ‘ஜ்’ இப்படித்தான் சாய்ந்திருந்தது.

எழுத்தில் கேட்டதைப் பற்றி இனி எழுதக் கூடாதென்று நீ சொன்னதால் எழுதவில்லை. அது தவறா, சரியா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. ஒரு நாள் தவறென்று படுகிறது. மறு நாள் அந்தக் குழிக்காரனின் நாலு குழந்தைகள் ஞாபகம் வருகிறார்கள். நான் சாகும்வரை அது இப்படியே இருக்கும் போலிருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை அமீர் பாஷா மலைக்குப் புறப்படுகிறார். நானும் வருகிறேன். “உங்க முட்டிக்கு மலையா? வழியிலேயே உக்காந்துட்டீங்கன்னா எந்த மாட்டு மேல ஏத்தறது?” என்கிறார். பொதி மாட்டின் மேல் உட்காரவும் சம்மதித்துவிட்டேன். ஆம்பூர்க் கடைத்தெருவில் இதற்குள் எல்லோரும் சிரித்தாயிற்று. அறுபத்திரண்டு வயதுவரை நான் ஏறாத மலை அது. ஜன்னலிலிருந்து அதன் நீல விளிம்பு தெரியும். மழை வருமா என்று பார்க்க மட்டும்தான் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

உன்னை அழைத்துவர நான் வரவில்லை. மாற்றல் தேதி வரும்போது நீயே இறங்கு. நான் வருவது பட்டம்மாளைப் பார்க்க. அந்த அம்மாளிடம் என்ன சொல்வதென்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நகல் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். போய் அவர்கள் வீட்டில் உட்காருவேன். உனக்கு ஊட்டும் நேரத்தில் எனக்கும் ஒரு இலை போடச் சொல். என்ன சமைத்தாலும் சாப்பிடுவேன். அது அந்த அடுப்பில் சமைத்ததாக இருந்தால் போதும்.

வரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள். மணிக்கட்டில் உள்ள நூலை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

மார்ச் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்து, நாலாவது விஷயத்தை அடித்துவிடு. அவர்கள் உனக்கு யாரும் இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

உன் அப்பா,
சம்பந்தம்